தனுஷ்கோடி சாரின் கடைசிக் குரல்

இந்தக் கதையில் சிரிப்பு கட்டாயம் உண்டு, ஆனால் வந்த உடனே கேட்டால் எப்படி, வீரணன் அண்ணன் இப்போதுதான் யுகேந்திரனின் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைப் போர்த்திப் பிடரியில் முடிச்சுப் போட்டிருந்தார், தலையில் தண்ணீர் பீச்சியாகிவிட்டது, மெஷின் உறுமத் தொடங்கிவிட்டது, இனி இருபது நிமிடத்துக்கு அவன் தலையை ஆட்டக் கூடாது, கையைத் துணிக்கு வெளியே நீட்டக் கூடாது, எதிரே கண்ணாடியில் கழுத்துக்கு மேலே மட்டும் மிதக்கிற பதினேழு வயது முகத்தைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், திருமங்கலத்தில் எத்தனையோ பேர் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். யுகேந்திரனால்தான் முடியவில்லை. சற்று முன்னால், பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு டியூஷன் குரூப்பில் மதன் ஒரு படம் போட்டிருந்தான். ஊதாப் பின்னணி, மூலையில் இரண்டு வெள்ளைப் புறா, மேலே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி, அதற்குக் கீழே கெமிஸ்ட்ரி எடுக்கிற தனுஷ்கோடி சார், முழுக்கைச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட் ஆபீஸில் சிரிக்காதீர்கள் என்று அதட்டியும் கேளாமல் கொஞ்சமாய்ச் சிரித்தபடி. வேறு ஒரு வார்த்தை கிடையாது. படத்தைப் போட்ட மதன் அதன்பிறகு ஆன்லைனிலேயே இல்லை. சாரின் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். சார் வீட்டுத் தெருவில் குடியிருக்கிற ஒருத்தி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினாள், வீடு பூட்டியிருக்கிறது, துஷ்டி, சாவு விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு விடியற்காலையிலேயே எல்லோரும் உசிலம்பட்டிக்கு வண்டி வைத்துப் போனார்களாம். உசிலம்பட்டிதான் சாரின் சொந்த ஊர். அப்புறம் என்ன, சொந்த ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். கும்பிடும் கைகள், கும்பிடும் கைகள், உடைந்த இதயம், மெழுகுவத்தி, ஒருத்தன் அவசரத்தில் கேக் பொம்மையைப் போட்டுவிட்டு அழித்தான், மறுபடி கும்பிடும் கைகள், விரல் வைத்துத் தள்ளத் தள்ள முடியவே இல்லை, கடைசியில் “அடுத்து யாரு, தம்பி நீதானே, வா” என்று வீரணன் அண்ணன் துணியை உதறினார், யுகேந்திரன் போனைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போய் உட்கார்ந்தான், கால்கள்தான் அவனைக் கொண்டுபோய் உட்காரவைத்தன.

சார் செத்தது ஒரு பக்கம். அதை நினைக்கவே அவனுக்கு இடம் கிடைக்கவில்லை, ஏனென்றால் அதற்கு முன்னால் வந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றது இன்னொன்று, கும்பிடும் கைகளுக்கு நடுவே யாரோ தேடி எடுத்து மேலே கொண்டுவந்து ஒட்டியிருந்த ஒரு குரல் பதிவு, நாற்பத்திரண்டு விநாடி, ‘சாரோட கடைசி வாய்ஸ், நேத்து சாயந்திரம் போட்டது, என்னால கேக்க முடியல’. கடைசி வாய்ஸ். அடப்பாவிகளா, அது அவன் பேசியது. சாரிடம் இருப்பது பட்டன் போன், குரூப்பில் அவர் கிடையாது, எதையாவது சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் இருக்கிற பயலின் போனை வாங்கி அதில் பேசிவிட்டு “இத குரூப்புல போட்டு விடுறா” என்பார், அதனால் சாரின் குரல் எந்த நம்பரிலிருந்து வந்தாலும் ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை. நேற்று சாயந்திரம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாரைப் போலவே வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மூக்குக்குள் இழுத்து விட்டு அவன் பேசினான், கூடப் படிக்கிற ஜெபா அதைத் தன் நம்பரிலிருந்து குரூப்பில் போட்டான். இன்றைக்கு வைத்திருந்த டெஸ்ட்டை ஒழித்துக்கட்டத்தான். ‘பிள்ளைகளா, நாளைக்கு டெஸ்ட்டு கிடையாது, எனக்கு உடம்புக்கு ஒரு மாதிரியா இருக்கு, நான் இல்லைன்னாலும் நீங்க படிப்பீங்கன்னு எனக்குத் தெரியும், எல்லாரும் நல்லாத் தூங்குங்க, புரிஞ்சுதா, புரியலையா, புரிஞ்ச மாதிரி இருக்கா.’ நடுவில் ஒரு இருமல். அந்த இருமல் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அது தேவையும் இல்லை, நன்றாக வருகிறதே என்கிற சந்தோஷத்தில் அவனாகச் சேர்த்துக்கொண்டது, வத்தல் குழம்புக்கு மேல் கறிவேப்பிலை மாதிரி. இப்போது குரூப்பில் முப்பத்தேழு பேர் அந்த இருமலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இருமலைக் கவனித்தாயா. அப்பவே நெஞ்சு வலி இருந்திருக்கு. நான் இல்லைன்னாலும் படிப்பீங்கன்னாரே, தெரிஞ்சு போச்சு சாருக்கு. நல்லாத் தூங்குங்கன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டாரே. டியூஷனில் நாலு மாதமாக ஒரு சந்தேகம்கூடக் கேட்காத பயல்கள் எல்லாம் நாற்பத்திரண்டு விநாடிக்குப் பதவுரை பொழிப்புரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“தலையக் குனி” என்றார் வீரணன் அண்ணன். குனிந்தான். மெஷின் பிடரியில் ஏறியது, சில்லென்று இருந்தது, முடி துணிமேல் விழுந்து கறுப்பாய்ச் சுருண்டுகிடந்தது, பைக்குள் போன் அதிர்ந்தது, அதிர்ந்து அதிர்ந்து நின்றது. உள்ளே இருக்கிற ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள், யுகேந்திரனுக்குப் பயம் வந்தால் எப்போதும் அப்படித்தான், அவன் எடுக்கிற குரல்கள் எல்லாம் கூட்டமாய்க் கிளம்பிவிடும். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் கரகரத்தார், இறந்தவரின் குரலைத் திருடிய மாணவன் யார், மேடைக்கு வரவும். செய்தி வாசிக்கிற அம்மாள் மூச்சு விடாமல், திருமங்கலத்தில் பரபரப்பு, இருமிய இளைஞர் சிக்கினார். மதுரை பஸ் கண்டக்டர், இருமல் எல்லாம் இறங்கு, இருமல் எல்லாம் இறங்கு. அம்மா, அவன் அம்மா, அடுப்படியிலிருந்து, உனக்குக் கரிநாக்குடா, நீ சொன்னா அது நடந்துரும், வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடா. அந்தக் குரல் வந்ததும் மற்றக் குரல்கள் அடங்கிவிட்டன. விளையாட்டுக்குச் சொல்வதுதான், போன வருஷம் பக்கத்து வீட்டு முருங்கை சாயப் போகிறது என்றான், சாய்ந்தது, பாட்டரி இறங்கின மாதிரி இருக்குதே என்றான், சித்தப்பாவின் வண்டி நின்றது, அதிலிருந்து அம்மா அப்படிச் சொல்வாள். உடம்புக்கு ஒரு மாதிரியா இருக்கு என்று அவன்தானே சொன்னான். அதுவும் சாரின் வாயாலேயே சொன்னான். சாயந்திரம் ஆறு மணிக்குச் சொன்னான், விடிவதற்குள் ஆகிவிட்டது. கண்ணாடியில் நாக்கை லேசாக நீட்டிப் பார்த்தான். சிவப்பாகத்தான் இருந்தது. கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கறுப்பு தெரிந்ததா, இல்லை காலையில் தின்ற நாவல்பழமா, காலையில் நாவல்பழம் தின்றானா. “நாக்க உள்ள போடு தம்பி, முடி விழுந்துரும்” என்றார் வீரணன் அண்ணன்.

அப்போதுதான் பெஞ்சில் காத்திருந்த லைன்மேன் தவசி, நாற்பது வயது ஆள், மகள் சாரிடம் படிக்கிறாள், போனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு “அண்ணே, விஷயம் தெரியுமா, நம்ம டியூஷன் தனுஷ்கோடி சார் போயிட்டாராம்ணே” என்றார். மெஷின் நின்றது. “யாரு, நம்ம சாரா? யோவ், வியாழக்கிழமை வந்துட்டுப் போனாருய்யா, இந்தா இதே சேருல உக்காந்து மீசை ஓரத்தைச் சரிபண்ணிட்டுப் போனாரு.” “பாப்பா ஸ்டேட்டஸ் வச்சிருக்கு பாருங்க.” பாருங்க என்றவர் சத்தத்தை முழுக்க ஏற்றினார். முதலில் புல்லாங்குழல். யாரோ அதற்குள் பின்னணி இசை சேர்த்துவிட்டிருந்தார்கள். புல்லாங்குழலுக்குள்ளிருந்து ஒரு செருமல், அப்புறம் பிள்ளைகளா. யுகேந்திரன் துணிக்குள்ளே இரண்டு கையையும் கோத்துக்கொண்டான். சுவர் விளக்கு, பவுடர் டப்பா, மாட்டியிருந்த கேலண்டர், எல்லாவற்றின் மேலும் பட்டுத் திரும்பி வந்தது அவன் குரல், அவன் தொண்டையிலிருந்து போன சாரின் குரல், சாரே இந்த நாற்காலியின் பின்னால் நின்று பேசுகிற மாதிரி. கேவலமாய் ஒரு நினைப்பு அந்த நேரத்திலும் வந்தது, அந்த மூக்கு இழுப்பு எவ்வளவு சுத்தமாய் விழுந்திருக்கிறது. உடனே தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது, கைதான் துணிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. இருமல் வந்தது. வீரணன் அண்ணன் ‘அய்யோ’ என்றார். மெஷினை மேஜையில் வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்த துண்டில் யுகேந்திரனின் முடி இருந்தது, அது அவர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. “எம் பையனை பாஸ் பண்ண வச்ச மனுசன்யா” என்றார். “சும்மா உக்காருப்பா சொல்லித் தாரேன்னு கூப்பிட்டு உக்காரவச்சாரு. மூணு தடவை பெயிலான பய.” அப்புறம் மெஷினை எடுத்தார், ஆனால் ஓட விடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

செத்தவர்கள் குரலை எடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் அவனிடம் இருந்தது, யாரும் போட்ட சட்டமில்லை, அவனே போட்டது, ஒன்பது வயதில். சண்முகராஜ் மாமா செத்துப் பதினாறாம் நாள் காரியம், வீடு நிறையச் சனம், அவன் பத்தாய அறைக்குள் மற்றப் பொடிசுகளுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தான், ரேடியோக்காரர், ஐஸ்வண்டிக்காரர், அப்புறம் வரிசையில் தானாக வந்துவிட்டது, “கோமதீ, செம்புல தண்ணி கொண்டா” என்று மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்போது கூப்பிடுகிற குரல். அத்தை ஓடி வந்தாள். கையில் செம்பு இருந்தது. தண்ணீரோடு இருந்தது, அந்த இரண்டு விநாடியில் எங்கே மொண்டாள் என்று இன்றைக்கு வரைக்கும் அவனுக்கு விளங்கவில்லை. கதவைத் திறந்து அவனைப் பார்த்தாள், பொடிசுகளைப் பார்த்தாள், பிறகு அவன் தலைக்கு மேலே பின்னால் பார்த்தாள், அந்தப் பார்வைதான், அறைக்குள் இன்னும் ஒரு ஆள் நிற்க வேண்டுமே என்று தேடின பார்வை. ஒரு அடிகூட அடிக்கவில்லை. தண்ணீரை அவனிடமே கொடுத்துவிட்டுப் போனாள். அவன் அதைக் குடித்தான், என்ன செய்வதென்று தெரியாமல் முழுச் செம்பையும் குடித்தான். அன்றைக்குப் போட்ட சட்டம். எட்டு வருஷமாக மீறியதில்லை. இப்போதும் மீறவில்லை என்று ஒரு வக்கீல் குரல் உள்ளே வாதாடியது, நேற்று ஆறு மணிக்கு அவர் உயிரோடுதானே இருந்தார், என் கட்சிக்காரர் பதிவு செய்தபோது அன்னார் உயிருடன் இருந்தார், கனம் நீதிபதி அவர்களே. ஆனால் சார் வீட்டம்மா கேட்டால். உசிலம்பட்டியில் ஒரு வாசலில் பந்தல் போட்டிருக்கும், நாற்காலி போட்டிருக்கும், உள்ளே சார் வீட்டம்மா உட்கார்ந்திருப்பார்கள், யாராவது போனைக் காதோரம் வைப்பார்கள், கேளுங்கம்மா, சார் கடைசியாப் பேசினது. முதல் செருமலில் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஊரையே ஏமாற்றலாம், முப்பத்தேழு பேரை ஏமாற்றலாம், இருபது வருஷம் ஒரே வீட்டில் அந்தச் செருமலைக் கேட்டு எழுந்தவர்களை எப்படி ஏமாற்றுவது. ஏமாந்துவிட்டால் அது இன்னும் மோசம். வாழ்நாள் முழுக்க அவன் இருமலைப் புருஷனின் இருமல் என்று எடுத்து வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

பை மறுபடி அதிர்ந்தது. விடாமல் அதிர்கிறது என்றால் மெசேஜ் இல்லை, யாரோ கூப்பிடுகிறார்கள். ஜெபாவாகத்தான் இருக்கும், பயந்து சாகிறான், பதிவைப் போட்டது அவன் நம்பரிலிருந்து அல்லவா. இல்லையென்றால் ஜெபா வேறு வேலையில் இறங்கிவிட்டான், அதைத்தான் பெஞ்சில் கடைசியாகப் படித்திருந்தான், குரூப்பில் ஒருத்தி எழுதியிருந்தாள், எவனோ ஒருத்தன் தெரியாத நம்பரிலிருந்து போன் பண்ணி நான்தாம்மா தனுஷ்கோடி பேசுறேன் என்கிறான், கழுதை கனைக்கிற மாதிரி குரல், சாரைப் போலக் கொஞ்சம்கூட இல்லை, நாலு திட்டு திட்டி பிளாக் பண்ணிவிட்டேன், செத்தவங்க விஷயத்தில் விளையாடுகிற நாயெல்லாம் நல்லாவே இருக்காது. ஜெபாதான். ஜெபாவுக்கு மாமாவின் இன்னொரு சிம் இருக்கிறது. மிமிக்ரி என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிற பயல், இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுத்தும் ஏறவில்லை. சொல்லிக்கொடுப்பது என்றால் சார். சார் பிடித்தார் ஒருநாள் யுகேந்திரனை, கரும்பலகைக்கு முன்னால் நின்று பிசிக்ஸ் மாஸ்டர் குரலில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது கதவோரம் வந்து நின்று முழுக்கக் கேட்டார், எல்லோரும் உறைந்துபோய் உட்கார்ந்திருக்க அவன் மட்டும் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தான், திரும்பிப் பார்த்தபோது செத்தோம் என்று நினைத்தான், சார் சாக்பீஸை எடுத்துக்கொண்டு “அவரு இன்னும் கொஞ்சம் வயித்துலருந்து பேசுவாருடா, நீ தொண்டையிலயே நிப்பாட்டுற” என்றார். அவ்வளவுதான். திரும்பிக் கார்பன் எழுதப் போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வயிற்றிலிருந்து பேசிப் பார்த்துக்கொண்டே போனான். உலகத்தில் அவனுக்கு ஒரே ஒரு ரசிகர், ரசிகர் என்றால் கைதட்டுகிறவர் இல்லை, எங்கே தப்பு என்று சொல்லத் தெரிந்தவர். அவர் இல்லை. இவ்வளவு நேரமும் வழியை அடைத்துக்கொண்டு நின்றது விலகியது, பின்னாலிருந்து அது வந்தது, சார் இல்லை, நாளைக்கு இல்லை, செவ்வாய் இல்லை புதன் இல்லை, அந்த மேல் பொத்தான் இல்லை, மூக்கு அடைத்துக்கொண்டது, கை துணிக்குள் இருக்க மூக்கு ஒழுகினால் என்ன செய்வது, உறிஞ்சினான்.

“பாவம்யா, படிச்ச பிள்ளை, அழுகுது” என்றார் வீரணன் அண்ணன். தவசி எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். “அண்ணே, எனக்கு ஒண்ணு தோணுது. என் வீட்டுக்காரியும் சார் வீட்டம்மாவும் ஒண்ணா மாரியம்மன் கோயிலுக்குப் போற பழக்கம். இப்ப அவ கூப்பிட்டுப் பாத்தாளாம், எடுக்கலை, எப்படி எடுப்பாங்க பாவம். அதனால இந்த வாய்ஸை அனுப்பி விட்டுரலாம்னு பாக்குறேன். ஒரு ஆறுதலா இருக்கும்ல?” “அனுப்பு, அனுப்பு. அதைவிட வேறென்ன வேணும்.” கண்ணாடியில் தவசியின் பெருவிரல் தெரிந்தது, ஒயர் சீவிச் சீவி நகம் தேய்ந்த விரல், அது திரையில் பெயர்களைத் தள்ளிக்கொண்டு போனது, கீழே, கீழே, நின்றது. சொல்லாமலே இருந்துவிடலாம். யாருக்குத் தெரியும். ஜெபா சொல்ல மாட்டான். வாழ்நாள் முழுக்க ஒருத்தருக்கும் தெரியாது. அத்தையின் செம்பில் தண்ணீர் தளும்பியது. “அனுப்பாதீங்க!” என்று கத்தியபடி யுகேந்திரன் துள்ளி எழுந்தான், வீரணன் அண்ணன் அப்போதுதான் மறுபடி வைத்த மெஷின் காதுக்கு மேலே ஒரு பாதை போட்டுக்கொண்டு போனது. “டேய், டேய், மண்டை!” “அனுப்பாதீங்கண்ணே. அது சார் இல்லை. நான்தான். டெஸ்ட்டு இல்லைன்னு சொல்றதுக்காக நான்தான் பேசினேன்.” இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள், காய்ச்சல்காரனைப் பார்க்கிற மாதிரி. “தம்பி, உக்காரு” என்றார் தவசி மெதுவாக, “துக்கத்துல அப்படித்தான், என்னாலதான் எல்லாம்னு தோணும். எங்க அப்பா செத்தப்ப எனக்கும் தோணுச்சு.” அவர் விரல் இன்னும் அங்கேயேதான் இருந்தது. வேறு வழி இல்லை. எட்டு வருஷத்துச் சட்டம், மீற வேண்டியதுதான். யுகேந்திரன் தொண்டையைச் செருமினான், வயிற்றிலிருந்து எடுத்தான், “பிள்ளைகளா, நாளைக்கு டெஸ்ட்டு கிடையாது” என்றான். அந்த இருமலையும் இருமினான். தவசியின் கை கீழே இறங்கியது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றான், இரண்டு கன்னத்தையும் தயாராக வைத்துக்கொண்டு. அடி விழவில்லை. வீரணன் அண்ணன் குரல்தான் மிகவும் தாழ்ந்து கேட்டது. “இன்னொரு தடவை பேசுப்பா. எம் பையன் பேரு முத்துக்கருப்பன். அவன் பேரைச் சொல்லிப் பேசு.”

பை அதிர்ந்தது. கடவுளே, நல்ல நேரத்தில் அதிர்ந்தது. துணிக்கு அடியில் கையை விட்டு எடுத்தான், தெரியாத நம்பர், விரலில் முடி ஒட்டியிருந்ததால் எதையோ தேய்க்கப்போய் ஸ்பீக்கரும் சேர்ந்து விழுந்துவிட்டது. “யுகேந்திரனா?” என்றது ஒரு குரல். கழுதைதான். உடைந்த பானைக்குள்ளிருந்து பேசுகிற கழுதை. “யுகேந்திரா, நான் தனுஷ்கோடி பேசுறேன்டா.” அவ்வளவு நேரமும் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் பீறிட்டுக்கொண்டு வந்தது அவனுக்கு. “டேய் ஜெபா, நீ மனுசனாடா? சார் செத்துக் கிடக்காருடா. இப்பவும் விளையாடுறியா?” “ஜெபா இல்லடா, நான்தான்டா.” “முதல்ல சார் செருமிட்டுத்தான் ஆரம்பிப்பாரு. நீ செருமவே இல்லை.” “தொண்டையே இல்லடா, என்னத்தச் செரும? ராத்திரி சேதி வந்ததுலருந்து அழுது கத்திப் போயிருச்சு.” “கடைசி எழுத்தை மூக்குக்குள்ள இழுக்கணும்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன் உனக்கு. இழுக்கவே இல்லை. சாருக்கு ஒரு மரியாதை வேணாமா? எடுக்கிறதுதான் எடுக்கிற, ஒழுங்கா எடுக்க வேணாமா?” அழுதுகொண்டே திருத்தினான். அந்தப் பக்கம் ஆட்கள் நடமாடுகிற சத்தம், ஏதோ பாத்திரம் உருள்கிற சத்தம் மட்டும் வந்தது, பிறகு கழுதை பொறுமையாகச் சொன்னது, “கேளுடா. செத்தது எங்க அண்ணன். ஃப்ளெக்ஸ் அடிச்சாங்க, நடுவுல அண்ணன் படம், ஓரத்துல கண்ணீர் அஞ்சலிக்குக் கீழ என் படம், அதுக்கு அடியில வருந்தும் தம்பின்னு, நம்ம பக்கத்துலதான் சொந்தக்காரன் பூராப் பேரு மூஞ்சியையும் போடுவாங்களே. அந்த மதன் பய இந்த ஊருக்காரன், நம்ம சாரும் இதுல இருக்காருன்னு காட்டுறதுக்கு அண்ணனையும் அந்த எழுத்தையும் வெட்டிட்டு என்னை மட்டும் உங்க குரூப்புல போட்டுவிட்டானாம். போட்டுட்டு பந்தலுக்கு நாற்காலி தூக்கப் போயிட்டான். அண்ணன் மகன் போனுலதான் காட்டுனாங்க, நான் செத்துட்டேன்னு. என் கடைசிப் பேச்சையும் கேட்டேன்.” “நல்லாக் கதை கட்டுற ஜெபா” என்றான் யுகேந்திரன். “சாருக்கு அண்ணனே கிடையாது.” “கிடையாதுன்னு உனக்கு யாருடா சொன்னா? ஒன்பது பேருக்குப் போன் பண்ணிட்டேன், நான்தான்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க, ஒரு பிள்ளை நாயேங்குது. இப்ப எனக்கு என் குரல் இல்லை. உங்கிட்டதான் இருக்கு. நீயே நான் உயிரோடதான் இருக்கேன்னு என் குரல்ல பேசி குரூப்புல போட்டு விட்டுருடா, நீ சொன்னா நம்புவாங்க.” “நேரம்டா ஜெபா, உன் நேரம், நேர்ல வந்து பல்லைப் பேத்துடுறேன்” என்று அவன் சிவப்பு வட்டத்தைத் தொடப் போனான், தொட்டிருப்பான், அந்தப் பக்கம் எங்கிருந்தோ ஒரு பொம்பளைக் குரல் அழுத மூக்கோடு, “ராசா, அண்ணனைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கணும், எல்லாரும் நிக்கிறாங்க, வாப்பா” என்றது, அதற்கு அந்தக் கழுதைக் குரல் போனை விட்டு விலகி, அப்படியே சுருங்கி, ஒன்பதாம் வகுப்புப் பையனைப் போல, “இந்தா வந்துட்டேன் மதினி” என்றது.

யுகேந்திரனின் விரல் நின்றுவிட்டது. இந்தக் குரல் அவனிடம் இல்லை. ஜெபாவிடம் எப்படி இருக்கும், யாரிடமும் இருக்க முடியாது, திருமங்கலத்தில் யாரும் தனுஷ்கோடி சாரை ஒரு வீட்டின் கடைசித் தம்பியாகக் கேட்டதே இல்லை, கேட்காததை எவன் எடுப்பான். கண்ணாடியில் ஒரு காதுக்கு மேல் மட்டும் மழித்த தலையும், அதற்குப் பின்னால் கன்னத்தில் முடி ஒட்டிய வீரணன் அண்ணனும், போனை நெஞ்சோடு பிடித்திருந்த தவசியும் அசையாமல் தெரிந்தார்கள். அவனுக்கு அடிவயிற்றில் ஏதோ பிடுங்கிக்கொண்டு கிளம்பியது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தான், வாயைத் திறந்ததும் வெளியே வந்தது வேறு, அடக்க அடக்கப் பொங்கியது, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய வழிய, “சார்” என்றான், “சார்” என்றான், அதற்கு மேல் வரவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“டேய், சத்தமாச் சிரிக்காதடா” என்றார் தனுஷ்கோடி சார். “இங்க துஷ்டி வீடு.”